எந்தப் பக்கம் நின்னு கும்புடுவீங்க?

பதினான்கு வருடமாகக் கல்லூரியில் மானுடப் புவியியல் நடத்துகிறேன். ஆசியாவில் சமயமும் இடமும் என்று அதில் ஒரு பாடம். புனித வெளி, யாத்திரை, இடம்பெயர்தல், குடியிருப்பு வகைகள் எல்லாம் வரும். ‘மனிதர்கள் ஓர் இடத்துக்குத் தெய்வத்தன்மையை ஏற்றும்போது அது புனித வெளியாகிறது’ என்று மூச்சுவிடாமல் சொல்வேன். பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டு போய், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அப்படியே கக்கிவிட்டு வருவார்கள். இந்த லட்சணத்தில் அந்தப் பாடத்துக்கு நான்தான் கெட்டிக்காரி என்று டிபார்ட்மெண்டில் பெயர் வேறு. வீடு தேடி அலைந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மதுரையில் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள்தான் அந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்.

வீடு தேட வேண்டி வந்தது என் வீட்டுக்காரரின் காலால். காளவாசல் சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோ அவர் பைக்கை இடித்துத் தள்ளியது. தொடை எலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். நாங்கள் குடியிருப்பதோ காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில். முப்பத்தாறு படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேலே ஏற்றினார்கள். டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தினமும் சமதரையில் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் முட்டி இறுகிப்போகும், அப்புறம் நான் ஒன்றும் செய்ய முடியாது என்று. எங்கள் ஹாலில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எட்டடி இருக்கிறது. அதில் அவர் வாக்கரை வைத்துக்கொண்டு போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடந்தார். ஒரு வாரத்தில் அது அலுத்துப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். தரைத்தளத்தில் ஒரு வீடு, முன்னால் கொஞ்சம் வாசல், அவ்வளவுதான் எங்களுக்குத் தேவை. அதுவும் சீக்கிரம்.

கல்லூரி விட்டதும் தினமும் தேடினேன். முதல் வீட்டில் கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்டார்கள். சமைப்போம் என்றேன், கதை முடிந்தது. அடுத்த வீட்டில் சொந்த ஊரைக் கேட்டார்கள். வாடிப்பட்டிப் பக்கம் என்றேன். “பக்கம்னா எது? ரோட்டுக்குக் கெழக்கயா மேக்கயா? ஊருக்குள்ளயா, காலனியா?” காலனி என்றேன். அந்த வீட்டுக்கு நேற்றுதான் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்களாம். நீள்வடிவக் குடியிருப்பு, குழுமிய குடியிருப்பு, சிதறிய குடியிருப்பு என்று போர்டில் மூன்று படம் போடுகிறேனே, அதில் எதிலாவது காலனி என்று ஒன்று உண்டா? பாடம் எழுதினவனுக்கும் தெரியவில்லை, நடத்துகிற எனக்கும் உறைக்கவில்லை. வீடு விடுகிறவர்களுக்கு மட்டும் கனகச்சிதமாகத் தெரிகிறது. சாதியை ஒருத்தர்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகம்.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிப் புலம்பினேன். எங்களோடு வேலை பார்க்கும் முஸ்லிம் டீச்சர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: “ஒங்ககிட்டயாச்சும் நாலு கேள்வி கேக்குறாங்க. எங்கள்ட்ட பேரைக் கேட்டதோட சரி.” நான் அதற்கப்புறம் அவர் முன்னால் புலம்பவில்லை.

கோச்சடையில் அந்த வீடு கிடைத்தபோது இரண்டு வாரம் ஓடியிருந்தது. ஓனர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். மாடியில் அவரும் அவர் சம்சாரமும். கீழ்வீடு காலி. முன்னால் சிமெண்ட் பூசிய நீள வாசல். அவர் மோட்டார் சுவிட்சைக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் காலால் அளந்தேன், இருபத்திரண்டு அடி. தெருவும் மேடுபள்ளம் இல்லாமல் இருந்தது. என் வீட்டுக்காரரின் காலைப் பற்றிச் சொன்னதும் அந்தம்மா, “வாசப்படி ஒண்ணுதான தாயி, ஒரு பலகையச் சாச்சுப் போட்டாப் போச்சு” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை நாளில் காலைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் ஓனர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டார், “ஒங்க வீட்டுக்காரருக்குக் குலதெய்வம் எது டீச்சர்?”

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு கேள்வி போதும். சாமி பெயரைச் சொன்னால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் வகையறா தெரியும், மிச்சத்தை அவர்களே போட்டுக்கொள்வார்கள். சொன்னேன். வாடிப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, கண்மாய்க்கரையில் இருக்கிற கருப்பு.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “அட, நம்ம சாமில்ல அது. எங்களுக்கும் அவருதான். அப்ப ஒங்க வீட்டுக்காரரு நமக்குப் பங்காளி. நீ எனக்கு மருமக முறையாவுது.” கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. டீச்சராக இருந்தவள் ஒரு நிமிடத்தில் மருமகள் ஆகிவிட்டேன். “மருமகளுக்குச் சாவிய எடுத்துட்டு வா” என்று சம்சாரத்தை மாடிக்கு அனுப்பினார். எம்புட்டு நாளாக வீடு தேடுகிறீர்கள், முதலிலேயே வந்திருக்கலாமே என்று கேட்டார். மாசித் திருவிழாவுக்கு எந்த வேனில் போவீர்கள் என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக, சிரித்த முகம் மாறாமல் கேட்டார்:

“ஆமா, நீங்க எந்தப் பக்கம் நின்னு கும்புடுவீங்க? சொவத்துக்கு உள்ளயா, வெளிய புளியமரத்துக்கிட்டயா?”

அந்தக் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் வந்தது சமீபத்தில்தான். நெஞ்சளவு உயரம். ஒரு வகையறா உள்ளே நின்று கும்பிடும், எங்கள் ஆட்கள் வெளியே புளியமரத்தடியில் நின்று கும்பிடுவார்கள். சுவர் இல்லாத காலத்திலும் அப்படித்தான், இப்போது செங்கல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் என் வீட்டுக்காரரின் சித்தப்பா. கல் சுமந்ததும் காலனிப் பெண்கள்தான். வெளியே நிற்பதற்கான சுவரை உள்ளே நின்று கட்டினார்கள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே சாமி, அதே திருவிழா. மாசியில் குட்டு உடைந்துவிடும். அதைவிட, பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “புளியமரத்துக்கிட்ட” என்றேன்.

அவர் கோபப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை. “அப்படியா” என்றார். வாசலைப் பார்த்தார். சாவியோடு இறங்கி வந்த அந்தம்மா அதை என் பக்கம் நீட்டினார். ஓனர் நடுவில் கையை நீட்டி வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “ரெண்டு நாள்ல போன் பண்றேன் டீச்சர்” என்றார். மறுபடி டீச்சர். மருமகள் பதவி பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

போன் வந்தது. சென்னையில் இருக்கும் மகன் மாற்றலாகி வருகிறானாம், கீழ்வீட்டில் அவன்தான் இருக்கப்போகிறானாம். “தப்பா நெனச்சுக்கிறாதீங்க” என்றார். எப்படி நினைப்பது சரி என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் புனித வெளிதான் பாடம். தலைப்பை எழுதிவிட்டு, அந்த ஒற்றை வரியைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எந்த மனிதர்கள் ஏற்றுகிறார்கள்? ஏற்றிவிட்டு யாரை வெளியே நிறுத்துகிறார்கள்? பதினான்கு வருடம் இதைக் கேட்காமல் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதவைத்திருக்கிறேன். அந்த ஓனர் மேல் வந்ததில் பாதிக் கோபம் என் மேலேயே வந்தது. போன வாரம் கொடுத்த நோட்ஸை அடித்துவிடுங்கள் என்றேன். “அப்ப பரீட்சைக்கு மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

வேறு தரைத்தளம் அமையவில்லை. அதற்குள் முட்டி இறுகிவிட்டது. ஒரு கைத்தடியோடு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, அவர் தானே இறங்கவும் ஏறவும் பழகிக்கொண்டார். ஆனால் கால் மடங்காது. தரையில் உட்கார முடியாது.

மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனோம். எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து பொங்கல் வைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தடியை ஊன்றிச் சுவரோரம் நின்றார், துணைக்குப் பக்கத்தில் நான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். “கால் இன்னும் சரியாகலையா தாயி?” கோச்சடை அம்மாதான். கையில் திருநீற்றுத் தட்டு.

“நடக்கச் சொன்னாங்கம்மா. நடக்க எடம் அமையல. இறுகிப்போச்சு.”

“நம்ம வீடு பூட்டித்தான கெடக்கு? நீ வாரேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்டன்னுல்ல இவரு சொன்னாரு.”

“மகன் மாத்தலாகி வாராருன்னு சொன்னாங்களேம்மா.”

“அவன் எங்க வாரான்? அவன் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தே ரெண்டு வருசமாச்சு.” சொல்லிக்கொண்டே வந்தவர், நான் நிற்கிற இடத்தைப் பார்த்தார். புளியமரத்தைப் பார்த்தார். நீட்டிய தட்டு சுவருக்கு மேலேயே நின்றது.

ஓனர் வேகமாக வந்தார். “சாமி கும்புடுற எடத்துல எதுக்கு டீச்சர் வீட்டுப் பேச்சு?”

என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார், வேண்டாம் என்று. எனக்கு அடங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒத்திகை பார்த்திருக்கிறேன். வந்தது ஒரே கேள்விதான்.

“வீடு கேட்டு வந்த எடத்துல சாமியப் பத்திக் கேட்டது நீங்கதான மாமா? சாமி கும்புடுற எடத்துல நான் வீட்டப் பத்திக் கேக்கக்கூடாதா?”

மாமா என்றதும் அவருக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூசாரி இருந்த பக்கம் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கையை நீட்டி அந்தம்மாவின் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். நான் எடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவர் பேசவே இல்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று கோபமோ என நினைத்தேன். திட்டினால் திட்டட்டும், திருப்பிச் சொல்ல எனக்கும் பதில் இருந்தது. படியேறும்போது பதினெட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினார்.

“அந்த வாசல் இருபத்திரண்டு அடின்னா சொன்ன?” என்று கேட்டார்.

“ஆமா.”

தலையை ஆட்டிக்கொண்டார். கம்பியைப் பிடித்து, மடங்காத காலை அடுத்த படிக்குத் தூக்கி வைத்தார்.