ரோசலின் முதலில் படிக்கும் வரி

கேப்டவுனை அடுத்த பார்ல் நகரின் பெரிய தெருவில், மாட்டுக்கறி சுட்டுப் பரிமாறும் ஒரு ஸ்டேக் ஹவுஸில் ரோசலின் ஜூலிஸ் முப்பத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். சேர்ந்தபோது வயது பத்தொன்பது. நான்கு வருடம் பாத்திரம் கழுவினார், பிறகு மேஜைக்குப் பரிமாற வந்தார். இன்றைக்கு அந்த உணவகத்தின் ஒயின் பட்டியல் முழுக்க அவர் கையில் இருக்கிறது. எதை வாங்குவது, என்ன விலை போடுவது, எதைத் தூக்கி எறிவது என்பதில் முதலாளி பெர்ட்டஸ் என்ன சொன்னாலும் ரோசலின் வைத்ததுதான் முடிவு. இத்தனைக்கும் ரோசலின் ஒயின் குடிப்பதில்லை. வாயில் ஊற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார். கல்யாண வீட்டில்கூட அவர் கையில் போதையில்லாத இஞ்சி பீர்தான்.

பரிமாற வந்த முதல் வருடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கொத்தனார் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்தார். மகள் நர்ஸ் படிப்பில் தேறிவிட்டாளாம். கொத்தனார் பட்டியலை விரித்து, விரலை மெதுவாகக் கீழே நகர்த்தினார். எல்லாவற்றிலும் மலிவான ஒயினைக் கேட்க வெட்கம். அதற்கு அடுத்த வரியில் விரல் நின்றது.

"இது நல்லா இருக்குமா, தங்கச்சி?"

"நல்லா இருக்கும் சார்" என்றார் ரோசலின். அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

கொத்தனார் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. மனைவி பார்ப்பதைக் கவனித்ததும் சட்டென்று சிரித்து, "ஒயின்னா இப்படித்தான் இருக்கும்போல" என்றார். மகள் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. மேஜையைத் துடைக்கும்போது மிச்சத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார் ரோசலின். காடி மாதிரி புளித்தது.

பெர்ட்டஸிடம் போய்ச் சொன்னார். அவர் சிரித்தார். "அட, அந்த ரெண்டாவது வரியிலதான் ரோசி நமக்கு லாபமே. வெட்கப்படறவன் எல்லாம் அங்கதான் வந்து விழுவான். விக்காத சரக்கை அங்க வெச்சிடணும்."

அந்த வாரம் முழுக்க கொத்தனாரின் முகம் ரோசலினை விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை, விடுமுறை நாள், ஷேர் வேன் பிடித்து ஒரு ஒயின் பண்ணைக்குப் போனார்.

"சமையல்கட்டு வேலைக்கா? பின்பக்கம் போம்மா" என்றாள் வாசலில் இருந்தவள்.

"இல்லிங்க. ருசி பார்க்க வந்தேன்."

சில பண்ணைகளில் சிரித்தார்கள். சில இடங்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். ரோசலின் ஆறு வருடம் திங்கட்கிழமைகளை இப்படியே செலவழித்தார். பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தார்: இது கொழுப்புள்ள கறிக்கு ஆகும், இது தனியாகக் குடித்தால்தான் சரி, இது பெயருக்காக விலை ஏறியது. ஏழாவது வருடம் பெர்ட்டஸ் ஒரு பருவத்துக்கு மட்டும் என்று பட்டியலை அவரிடம் கொடுத்தார். திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

எந்தப் பட்டியலைக் கையில் கொடுத்தாலும் ரோசலின் மிக மலிவான வரியைத்தான் முதலில் படிப்பார். அப்புறம் அதற்கு அடுத்த வரி. "விலை ஒசந்த ஒயின்ல நல்லதா யாரு வேணா வாங்கிடலாம். அங்க காசே வேலையப் பாத்துக்கும். மலிவுல நல்லதப் பிடிக்கத்தான் நாக்கு வேணும், அலையறதுக்குக் காலும் வேணும்" என்பார். பிறகு அறுவடை ஆண்டு எழுதியிருக்கிறதா, ஒரே பண்ணையின் சரக்கு நான்கு பெயரில் ஒளிந்திருக்கிறதா, கோப்பைக் கணக்கில் விற்கும் ஒயின் கடைக்காரரின் சவுகரியத்துக்கா வருகிறவரின் சவுகரியத்துக்கா என்று பார்ப்பார்.

இந்தப் பேச்சு எப்படியோ ஒயின் பற்றிப் பத்திரிகையில் எழுதும் லூரென்ஸ் ஃபிக்கின் காதுக்குப் போனது. மாகாணத்து ஸ்டேக் ஹவுஸ்களின் ஒயின் பட்டியல்களுக்கு வருடா வருடம் நடக்கும் போட்டிக்கு அவர்தான் தலைமை நடுவர். ஓட்டல் கல்லூரியில் பாடம் நடத்தும் ஸோலேகா இரண்டாவது நடுவர். மூன்றாவது ஆளாக ரோசலினைக் கூப்பிட்டார்கள்.

நாற்பது பட்டியல்கள் வந்து, கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று கேப்டவுன் துறைமுகத்துப் பக்கம் உள்ள பெரிய உணவகத்துடையது. தோல் அட்டை, தொண்ணூறு பக்கம். இன்னொன்று லைங்ஸ்பர்க்கில், லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலையோரம் ஹெஸ்டர் வாகனார் என்ற விதவை நடத்தும் கடையுடையது. ஒரே தாள், இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்து நான்கு ஒயின்.

"இதைப் போய் அதோட எப்படி ஒப்பிடறது ரோசலின்?" என்றார் ஃபிக். "அது நூலகம். இது மளிகைச் சீட்டு."

"நேர்ல போய்ப் பார்த்துடுவோமே ஐயா. நூலகத்துல புஸ்தகம் இருக்கான்னு."

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மதியம் கேப்டவுனுக்குப் போனார்கள். ரோசலின் பட்டியலில் ஓர் ஒயினைக் காட்டினார். தீர்ந்துவிட்டது என்றான் கோட்டு போட்ட பரிமாறுபவன். இன்னொன்றைக் காட்டினார். அதுவும் இல்லை. மூன்றாவது இன்னும் வந்து சேரவில்லையாம். நான்காவதற்கு வேறு ஆண்டின் பாட்டில் வந்தது.

ரோசலின் புத்தகத்தை மூடினார். "தம்பி, இதுல எது எது உங்ககிட்ட இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்குப் பசிக்குது."

ஸோலேகா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அங்கே மிக மலிவான சிவப்பு ஒயின் நானூற்று இருபது ராண்ட். கடையில் அது தொண்ணூறு. பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார் ரோசலின். கறி சுடும் அடுப்புக்கு மேலே அடுக்கியிருந்ததால் தேநீர் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் பழைய கேபர்நே ஒயின்கள் இருந்த ஒரு பக்கத்தில் அவர் குறை காணவில்லை. அத்தனையும் இருப்பில் இருந்தன, பாதுகாப்பு அருமை, விலையும் நியாயம். அந்தப் பக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டார்.

அடுத்த நாள் மூன்று மணி நேரம் காரில் போய் லைங்ஸ்பர்க்கில் இறங்கினார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. ஹெஸ்டரின் தாளில் அறுவடை ஆண்டுகளைப் பென்சிலில் எழுதி, மாறும்போதெல்லாம் அழித்துத் திருத்தியிருந்தார்கள். ஒவ்வொரு ஒயினுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு. 'எலும்போடு சுட்ட கறிக்கு.' 'மிளகு சாஸ் கேட்டால் இது வேண்டாம்.' எதைக் கேட்டாலும் இருந்தது. மலிவான வரியும் அதற்கு அடுத்த வரியும் ரோசலினுக்கு மிகவும் பிடித்துப்போயின. சின்ஸோ என்ற லேசான சிவப்பு ஒயின் இருந்த ஐந்தாவது வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"சின்ஸோவா? வெயிலுக்கு அதான் சரி. ஒண்ணு கொண்டாங்க" என்று ஸோலேகா சொல்லிவிட்டார்.

பாட்டில் வந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு வெள்ளை வாசல் படம். பிரீடே ஆற்றுப் பக்கத்தில் ரோசலின் பிறந்து வளர்ந்த பண்ணையின் வாசல் அது. அங்கே அவர் அப்பாவுக்குக் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்தார்கள். காலையில் ஒரு தகரக் குவளை, மதியம் ஒன்று, மாலையில் இரண்டு. ரோசலினின் பதினேழாவது வயதில் அப்பா ஈரல் வீங்கிச் செத்துப்போனார். பட்டியல் தன் கைக்கு வந்த நாளிலிருந்து ரோசலின் அந்தப் பண்ணையின் ஒரு பாட்டிலைக்கூட வாங்கியதில்லை. விற்பனையாளர்களும் கேட்டு அலுத்து விட்டுவிட்டார்கள்.

கோப்பையை எடுத்தார். லேசாகக் குளிர்ந்திருந்தது. வாயில் ஊற்றி, வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்து துப்பினார்.

"என்ன, கெட்டுப்போச்சா?" என்றார் ஃபிக்.

"இல்லைங்க. நல்லா இருக்கு." ஹெஸ்டரைக் கூப்பிட்டார். "இத ஏன் வெச்சிருக்கீங்க?"

"கொடிக்கு நாப்பத்தாறு வயசு. வெறும் மழைத் தண்ணியில நிக்குது. பேரில்லாத ஒயினுன்னு யாரும் சீந்தல. நான் மூணு தடவ போய்க் கெஞ்சி வாங்கினேன்" என்றார் ஹெஸ்டர். "அங்க தொண்ணூத்தஞ்சு ராண்ட், நான் நூத்து எழுபதுக்குத் தர்றேன். லாரிக்காரங்களும் வாங்கணுமில்ல?"

நாற்பத்தாறு வயது. அந்தக் கொடிகளை நட்டபோது ரோசலினுக்கு ஐந்து வயது. வரப்பில் உட்கார்ந்து, அப்பா குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொன்னார். "அந்தப் பண்ணை மேல எனக்கு இருக்கிற கோவம் இன்னும் தீரல. நான் நடுநிலையா இல்ல. என் மார்க்கச் சேர்க்காதீங்க ஐயா."

ஃபிக் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அந்த வரிக்கு என்ன மார்க் போடுவே?"

"முழுசா."

"இவ்வளவு கோவத்தோட முழு மார்க் போடற ஆளோடதச் சேர்க்கலேன்னா, வேற யாரோடதம்மா சேர்க்கறது?"

"ரோசலின் அக்கா, பேசாம வாங்க" என்றார் பின்சீட்டிலிருந்து ஸோலேகா.

ஹெஸ்டரின் ஒற்றைத் தாள் அந்த வருடம் முதல் பரிசு வாங்கியது. ஃபிக்கின் ஓட்டும் அதற்கே. கேப்டவுன் உணவகம் மறு வருடம் முப்பது பக்கத்தோடு வந்தது; அத்தனை பாட்டிலும் இருப்பில் இருந்தன. ரோசலின் தாராளமாகப் பாராட்டி எழுதினார்.

பரிசளிப்புக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை அவர் அந்தப் பண்ணைக்குப் போனார். பண்ணை இரண்டு கை மாறியிருந்தது. ரோசலின் அலுவலகத்துக்குப் போகவில்லை. வேலைக்காரர்களின் வீட்டு வரிசைக்குப் போய், துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நேராகக் கேட்டார். "கூலிக்கு இன்னும் ஒயின் ஊத்தறாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் எங்கம்மா காலம், அத்தே. இப்ப கூலி பேங்குல விழுது" என்றாள் அவள். இன்னும் நான்கு வீடுகளில் கேட்டுப் பார்த்தார். அதே பதில்தான். அதற்குப் பிறகுதான் ஐந்து பெட்டி சின்ஸோ வாங்கினார்.

கொடியின் கதையைக் கேட்டதும் பெர்ட்டஸ் குதித்தார். "ரோசி, உங்கப்பா நட்ட கொடின்னு பட்டியல்ல போடு! சனங்க இருநூத்தம்பது கொடுத்து வாங்கும்!"

"கறிக்கு எது சேரும்னு சொல்ற தாளு அது. எங்கப்பாவை விக்கிற தாளு இல்ல. நூத்தி அறுபத்தஞ்சு போடுங்க" என்றார் ரோசலின்.

ஜன்னலோர மேஜையில் யாரோ கை தூக்கினார்கள். அவர் பட்டியலை எடுத்துக்கொண்டு அங்கே போனார்.