வேலிப் பொட்டு

டியூசனுக்குப் போக என் காணிக்குக் குறுக்கே ஓடும் பிள்ளைகள் மிளகாய்க் கன்றுகளைத் தினமும் மிதித்துவிடுகிறார்கள். முட்கம்பி அடிக்கலாமென்று பழைய வேலிக் கிளுவை மரமொன்றை வெட்டினேன்; அந்தப் பச்சை வாசம், ஒருகாலத்தில் இதே காணியைச் சுற்றியிருந்த ஓலைவேலிக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. சுன்னாகம் சந்தைக்குப் போகும் பெண்கள் வேலியில் ஓர் ஆள் நுழையுமளவு பொட்டுப் பிரித்து, ஈரமண்ணில் செருப்புகள் சளக் சளக்கென, எங்கள் வெங்காயப் பாத்திகளுக்குள்ளால் கதைத்தபடியே போவார்கள். அப்பா பின்னேரம் அடைத்த பொட்டு விடியத் திறந்திருக்கும். ஒருநாள் அப்பா அந்தப் பெண்களை மறித்தார்.

"உது என்ன றோட்டோ, பிள்ளையள்?"

"ஓம் அண்ணை, தார்தான் இன்னும் போடேல்லை!"

அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த போகம் ஒரு பாத்தியைக் குறைத்து அவர்கள் நடந்துபோக அகலமாக வரம்பு கட்டினார். பிறகு ஒரு வெங்காயத் தாளும் மிதிபடவில்லை.

வரம்பை எந்தப் பக்கம் விட்டால் வசதியென்று நாளைக்கு அந்தப் பிள்ளைகளிடமே கேட்கப்போகிறேன்.