செவ்வாயும் வெள்ளியும்

"மாஸ்டர், முட்டை நூடுல்ஸ் ஒண்ணு. சாஸ் கொஞ்சம் ஜாஸ்தியா விடு" என்று சொல்லிவிட்டு, சபாபதி சாலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். செவ்வாயும் வெள்ளியும் கடலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முடித்துவிட்டுச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கிய கையோடு, எதிரே இருக்கும் பாஸ்ட் புட் வண்டிக்கு வந்துவிடுவார்.

வயது நாற்பத்தெட்டு. புவனகிரி டவுன் பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டைம் கீப்பராக உட்கார வைத்திருக்கிறார்கள். சித்திரையிலும் முழுக்கைச் சட்டைதான். டயாலிசிஸ் ஊசிக்காக அறுவை செய்த இடது கையில் நரம்பு கயிறுபோலப் புடைத்திருக்கிறது. யாராவது கேட்டால், "வெயிலு ஒத்துக்கல மச்சான்" என்பார்.

வீட்டில் அவர் மனைவி மங்கலம் வைத்ததுதான் சட்டம். காயை நறுக்கி வெந்நீரில் போட்டு, வடித்துக் கொட்டி, மறுபடி வேகவைப்பாள். உப்பு கிடையாது. ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போயாயிற்று. அவளும் அதையேதான் சாப்பிட்டாள். அதைப் பார்க்க மாட்டாமல், "பசிக்கல" என்று எழுந்துவிடுவார்.

தானே புயலுக்கு முந்தின ஆவணியில், ஒரு விடியற்காலை மூச்சு முட்டியது. முகம் அதைத்துக் கிடந்தது. காரில் கடலூருக்குக் கொண்டு போனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

"என்னம்மா குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"உப்புன்னு ஒரு கல்லு போடலீங்களே" என்ற மங்கலம், தன் சமையலை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதில் பிசகினோமோ என்று அழுதாள். ஆக்சிஜன் மூடிக்குள்ளிருந்து சபாபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் மூடியை எடுத்ததும், "நீ செஞ்சதுல ஒண்ணுமில்ல மங்கலம். நான்தான் வண்டிக்கடையில தின்னேன்" என்றார்.

அவள் திட்டவில்லை. "எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அங்க யாரும் என்னப் பாவம்னு பாக்கறதில்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு அவளும் கூடவே போனாள். திரும்பிச் சிதம்பரத்தில் இறங்கியதும் நேரே வண்டிக்கு நடந்தாள். "இவுரு எப்பவும் சாப்புடறது ஒண்ணு குடுங்க."

தட்டு வந்தது. "ரெண்டு வாய் சாப்புடுங்க, போதும்" என்று அவர் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையில் முட்டை வாசம் பட்டாலே தலைக்கு ஊற்றிக்கொள்கிறவள். அவருக்கு மிச்சம் வைத்துவிடக் கூடாதென்று, கண்ணில் நீர் முட்ட, அள்ளி அள்ளி விழுங்கினாள்.

சபாபதி ஸ்பூனைக் கீழே வைத்தார். அத்தனை பேர் போகிற வருகிற சாலையில், கட்டைவிரலால் அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.