கடைசிப் பந்தி

வேதநாயகம் சார் முதல் பந்தியில் உட்கார மாட்டார். எங்கள் பல்கலைக்கழகப் புவியியல் துறையில் அவருடைய வேலைக்கு உலை வைத்தது அந்தப் பழக்கம்தான்.

ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பட்டாளத்திலிருந்தபடியே தபாலில் படித்தார். ஓய்வுக்குப் பிறகு முனைவர் பட்டமும் வாங்கி, எங்களிடம் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தார். துறைத்தலைவர் மனது வைத்தால்தான் அடுத்த வருடத்துக்கான வேலை ஆர்டர் வரும். எனக்கும் அதே பிழைப்புதான்.

கீழ்வேளூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருவார். பனிமலையில் கெட்டுப்போன முழங்காலோடு அவர் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் எனக்கே அலுப்பாக இருக்கும்.

வரைபடத்தில் மலையைக் காட்டும் சம உயரக் கோடுகளை அவர் நடத்தினார். வரப்பைத் தவிர வேறு மேடு பார்க்காத எங்கள் பிள்ளைகளுக்கு அது மண்டையில் ஏறாது. அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பில் வயல் சேற்றால் மலை பிடித்து வைப்பார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, நீர் நிற்கும் விளிம்பிலெல்லாம் கோடு கிழிப்பார். கடைசி பெஞ்சு ஜெனித்துக்குப் புரியும்வரை நகர மாட்டார். அதனால் போர்ஷன் முடியாது. துறைத்தலைவர் நல்லக்கண்ணுவுக்கு ஏற்கெனவே அதில் எரிச்சல்.

துறை விருந்தன்று நல்லக்கண்ணு தன் பக்கத்து இலையைக் காட்டி அவரைக் கூப்பிட்டார். இவரோ சாம்பார் வாளியோடு நின்றார்.

"பிள்ளைங்க சாப்பிடட்டுங்க சார். நான் அப்புறம் உக்கார்றேன்."

நல்லக்கண்ணுவின் முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்து இலை கடைசிவரை காலியாகவே கிடந்தது.

"ஒரு தடவை உக்காந்திருக்கலாமே சார்? ஆர்டர் அவர் கையிலதான இருக்கு?" என்று பிறகு கேட்டேன்.

"பட்டாளத்துப் பழக்கம்மா. பொறுப்புல இருக்கவன் கடைசியாத்தான் சாப்பிடணும். முதல்லயே சாப்பிட்டு எந்திரிச்சுட்டா, யாருக்கு இல்லாம போச்சுன்னு தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. பிழைக்கத் தெரியாத மனுஷன். ஆனாலும் அந்தத் துறையில் நான் மதித்த ஒரே ஆள் அவர்தான்.

ஜூனில் அவருக்கு ஆர்டர் வரவில்லை. போர்ஷனை முடிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர் டப்பைக் கழுவி அலமாரி மேல் கவிழ்த்துவிட்டுப் போனார். அவருடைய வகுப்பு என் தலையில் விழுந்தது. என் வகுப்புகளுக்கே தொண்டை வற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

ஒரு மதியம் பள்ளத்தாக்கைக் காட்டும் சம உயரக் கோடுகளை ஓட்டமாக நடத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். முதல் பெஞ்சு அஃப்ரீன் எழுந்தாள். வகுப்பில் எப்போதும் முதல் மார்க் அவளுக்குத்தான்.

"மேடம், ஜெனித்துக்கு இன்னும் புரியலைங்க."

"உனக்குப் புரிஞ்சுதுல்ல?"

"புரிஞ்சுதுங்க மேடம். அவனுக்குச் சொல்லுங்க, நாங்க இருக்கோம்."

வகுப்பு முழுக்கப் பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தது. திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை.

அலமாரி மேலிருந்த டப்பை எடுத்துக் கீழே வைத்தேன். இந்த வருடமும் போர்ஷன் முடியாது.