பாவையின் முதுகு

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் அவர் காவலாளி. நரைத்த மீசை, கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய காக்கிச் சட்டை. வெள்ளறடை பஸ்ஸில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக, சுவரை ஒட்டி நிற்கும் கண்ணாடிப் பெட்டியைத் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டால் துடைப்பார். உள்ளே ஆளுயர மரப்பாவை, சிரித்த முகம்.

அருங்காட்சியகத்துக்காக நான் தயாரித்த விவரப் புத்தகம் அச்சாகி வந்த அன்று அவரிடம்தான் முதலில் காட்டினேன். பாவையின் படத்துக்குக் கீழிருந்த கியூஆர் கட்டத்தின் மேல் என் போனைப் பிடித்ததும் பாவை திரையில் எழுந்து நின்றது.

“விரலால தள்ளுங்க, திரும்பும்” என்றேன்.

தள்ளினார். முதுகு முழுக்கச் செல்லரித்துக் குழிந்திருந்தது.

“பத்து வருசமா இதுக்க முன்னால நிக்கியேன் சாரே. பொறத்தால இப்பிடியாக்கும் கெடக்குண்ணு ஒருத்தரும் சொல்லேல்ல.”

“அதுக்குத்தானே இந்த ஏற்பாடு” என்றேன் பெருமையாக. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த மாதம் போனபோது, புத்தகமும் போனுமாக நின்ற கல்லூரிப் பெண்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “இங்க ரேஞ்சு கிட்டாது மக்கா. முன்னால நிண்ணு மொகத்தப் பாருங்க.”

என் போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னலின் நான்கு கோடும் முழுதாக இருந்தது. அந்தப் பெண்களிடம் காட்டாமல் அதை ஏன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.