நெருப்பு டிரில்லும் எங்க அக்கா காலும்

எங்க அக்கா கால நெருப்பு எடுத்துகினு போவல. இத மொதல்லயே சொல்லிடறேன். ராயபுரத்துல யாரக் கேட்டாலும், "ஆஸ்பத்திரி பத்திகினு எரிஞ்சப்போ கால் பூட்ச்சி, பாவம்"னுதான் சொல்லுவாங்க. கேக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நெருப்பு அவ கட்டில் கிட்டகூட வரல. அவ கால எடுத்தது காப்பாத்த வந்தவங்க. அவங்களுக்கு அப்படிக் காப்பாத்தக் கத்துக் குடுத்தவங்க.

ஹார்பர் பக்கத்துல ஒரு மாடி வெச்ச சின்ன ஆஸ்பத்திரி அது. மேல பொம்பளைங்க வார்டுல நான் ஆயா. தரை கழுவறது, மூத்திரச் சட்டி எடுக்கறது, கஞ்சி ஊட்டறது எல்லாம் என் வேலை. சுத்திப் பாத்தா கிருஷ்ணாயில் கெடங்கு, பஞ்சு கெடங்கு, நிலக்கரிக் குவியல். எப்போ எது பத்திக்குமோன்னு மேலிடத்துல பயம் இருந்துச்சு. அதனால வருசத்துக்கு ஒரு வாட்டி நெருப்பு டிரில் பண்ணிக் காட்டணும்னு உத்தரவு. மணி அடிச்சா எல்லா நோயாளியையும் படிக்கட்டு வழியா தூக்கியாந்து வேப்பமரத்தடியில சேக்கணும். அதப் பாக்க ஒரு துரை வருவாரு, சங்கிலிக் கடியாரத்தத் தொறந்து பாத்துகினு நிப்பாரு.

நல்ல உத்தரவுதான், நான் இல்லேன்னு சொல்லல. அத எங்க ஆளுங்க பண்ண லட்சணத்தத்தான் சொல்ல வரேன்.

டிரில் அன்னிக்குக் காலையில நிஜ நோயாளிங்கள கீழ வராந்தாவுக்கு எறக்கிடுவோம். நோவுல கெடக்கறவங்க துரை எதிர்ல முனகினா அசிங்கமாம். நானும் இன்னொரு ஆயாவும் ஒவ்வொருத்தரா கையப் புடிச்சி, இடுப்பப் புடிச்சி, நின்னு நின்னு எறக்கறதுக்குள்ள பாதிக் காலைப்பொழுது போயிடும். அதுதான் நிஜமான டிரில்லு. அத ஒரு துரையும் பாத்ததில்ல.

அப்பால காலியான கட்டில்ல ஹார்பர் கூலிங்கள கூட்டியாந்து படுக்க வெப்பாங்க. ஆளுக்கு ஒரு டீ, ஒரு பன்னு. பொம்பளை வார்டுலயும் அவங்கதான். மீசை தெரியக் கூடாதுன்னு மூக்கு வரைக்கும் போர்வை. உள்ள வெறும் கோமணம். அதனால பெரிய நர்ஸம்மா, தூக்கறதுக்கு வர கீழ் வார்டு ஆம்பளை ஆளுங்ககிட்ட ஒரே பாட்டா பாடுவாங்க: "போர்வைய எடுக்காதீங்க. போர்வையோட சுருட்டித் தூக்குங்க." மணி அடிச்சதும் தூக்கற ஆளு ஓடியாந்து, "கழுத்தப் புடி"ன்னுவான். கூலியும் அவன் கழுத்தக் கட்டிகினு ஒரு எம்பு எம்புவான். மூட்டை தூக்கிப் பழகுன ஒடம்பு, பஞ்சு மாதிரி வரும். பாதிப் படியில சில பேரு தானே எறங்கி ஓடிடுவாங்க. துரை வாயெல்லாம் பல்லு. பெரிய டாக்டர் கையப் புடிச்சிக் குலுக்கிட்டுப் போவாரு. எல்லாம் தமாஷு. நானும் மத்த ஆயாங்களும் முந்தானைய வாயில வெச்சிகினு சிரிப்போம்.

அந்த வருசம் எனக்கு சிரிப்பு வரல. எங்க அக்கா அங்க நோயாளியா கெடந்தா.

அக்கா மீன் விக்கறவ. புருசன் கடலோட பூட்டான். ரெண்டு பொண்ணுங்க. தலையில கூடைய வெச்சிகினு வண்ணாரப்பேட்டை வரைக்கும் நடந்தாதான் அந்த வூட்ல அடுப்பு எரியும். ஹார்பர் ரோட்ல பஞ்சு ஏத்துன மாட்டுவண்டி சக்கரம் அவ தொடை மேல ஏறிடுச்சு. பெரிய டாக்டர் எலும்ப நேரா வெச்சி, காலுக்குக் கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டுல கெணத்துக் கப்பி மாதிரி ஒண்ணு வழியா விட்டு, முனையில மணல் பை தொங்க விட்டாரு. மணல் பை இழுத்துகினே இருந்தாதான் எலும்பு நேரா சேருமாம். "அசைக்காம இருந்தா பழையபடி நடப்பே"ன்னு அவரே சொன்னாரு. அக்கா அந்த வார்த்தையைக் கெட்டியா புடிச்சிகினா. ஈ ஒக்காந்தாகூட அசைய மாட்டா. கூடைய யாருக்கும் குடுத்துடாதடின்னு என்கிட்ட சொல்லிகினே இருப்பா.

அவள வராந்தாவுக்கு எறக்க முடியாது. அதனால டிரில் அன்னிக்கு அவ கட்டில சுத்தி ஒரு தட்டிய நிறுத்தி மறைச்சிட்டாங்க. துரை கேட்டா கட்டு மாத்தறோம்னு சொல்லிக்கலாமாம். நான் பெரிய நர்ஸம்மாகிட்ட போயி கேட்டேன், "நிஜமாவே பத்திகிச்சுன்னா எங்க அக்காவ எப்படிம்மா எறக்குவீங்க?" அவங்க என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க. "நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவிகினு வா"ன்னாங்க. நான் அபசகுனம் பேசிட்டேனாம். ஆஸ்பத்திரியில நெருப்பப் பத்திக் கேக்கறது அபசகுனம், நெருப்பு டிரில் பண்றது மட்டும் அபசகுனம் இல்ல.

அந்த மாசமே பத்திகிச்சு. பட்டப்பகல்ல. வார்டுக்குப் பக்கத்து ரூம்புல ஆபரேசன் கத்திங்கள வேக வெக்கற ஸ்டவ் வெடிச்சி, ஜன்னல் துணியில புடிச்சிகிச்சு. நான் கீழ துணி அலசிகினு இருந்தேன். மணி அடிச்சாங்க. நான் படியேறும்போதே நோயாளிங்கள தூக்கிகினு எறங்கறாங்க. வழி விடு, வழி விடுன்னு என்ன சுவரோட தள்ளிட்டாங்க.

மேல ஏறிப் பாத்தப்போ வார்டு பூரா பொகை. தூக்கற ஆளுங்க ரெண்டு பேரு அக்கா கட்டில் கிட்ட நிக்கறாங்க. கத்துக்கினதத்தான் பண்ணாங்க. போர்வைய எடுக்கல. "கழுத்தப் புடி"ன்னாங்க. "வோணாம் நைனா, கால்ல கயிறு கீது, கயிறு கீது"ன்னு அக்கா கத்தறா. அவங்க காதுல மணிச்சத்தம்தான். போர்வையோட சுருட்டித் தூக்குனாங்க. வரல. கூலிங்க எம்புன மாதிரி இவ எம்பலியேன்னு நெனச்சாங்களோ இன்னாவோ, இன்னும் வேகமா ஒரு இழுப்பு இழுத்தாங்க. அந்தக் கத்தல நான் சொல்ல மாட்டேன். போர்வையில ரத்தம் ஊறுனப்பதான் ஒருத்தன் அதத் தூக்கிப் பாத்தான். சேந்துகினு வந்த எலும்பு தோலக் கிழிச்சி வெளிய நீட்டிகினு இருந்துச்சு.

நெருப்ப ரெண்டு வாளித் தண்ணியில அணைச்சிட்டாங்க. ஜன்னல் துணியும் ஒரு அலமாரிக் கதவும் போச்சு, அவ்ளோதான். அக்கா காலு சீழ் வெச்சி, தொடையோட எடுத்தாங்க. "உயிரோட இருக்காளே, அத நெனச்சுக்கோ"ன்னாரு பெரிய டாக்டர். டிரில் பண்ணி வெச்சதாலதான் ஒருத்தரும் சாவலன்னு மேலிடத்துல அவருக்கு நல்ல பேரு. எனக்கு அந்த ஆளுங்க மேல கோவம் இல்ல. அவங்க நெஞ்சு நல்ல நெஞ்சு. அவங்களுக்கு எதிர்ல கூலிங்களப் படுக்க வெச்சவங்க மேலதான் கோவம், அது இன்னும் ஆறல.

அடுத்த வருசமும் டிரில்லு வந்துச்சு. அதே டீ, அதே பன்னு. நான் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. கூலிங்க படுத்தப்பால, அக்கா கெடந்த கட்டில்ல நான் போயி படுத்துகினேன். காலுல கயிறு கட்டி, கப்பியில விட்டு, மணல் பைய தொங்க விட்டேன். கயிறும் பையும் தெரியாம மேல போர்வை.

மணி அடிச்சது. என்கிட்ட ஓடியாந்தவன், அக்காவத் தூக்கினவங்கள்ல ஒருத்தன். "கழுத்தப் புடி"ன்னான். நான் புடிக்கல. "போர்வைய எடுத்துப் பாரு நைனா"ன்னேன். எடுத்தான். கயிறையும் மணல் பையையும் பாத்தான். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. அப்படியே நிக்கறான், கை எங்க வெக்கறதுன்னு தெரியல. மத்த கட்டிலெல்லாம் காலியாயிடுச்சு. பெரிய நர்ஸம்மா பல்லக் கடிச்சிகினு, "எழுந்துருடி"ன்னாங்க. நான் அசையல. துரை வந்து நின்னு ஏதோ கேட்டாரு. பெரிய டாக்டர் தன் நெத்தியத் தொட்டுக் காமிச்சி, எனக்குப் புத்தி கலங்கினதா சொன்னாரு. துரை தலைய ஆட்டிட்டுக் கடியாரத்த மூடிகினு எறங்கிப் போனாரு. கீழ கை தட்டற சத்தம் கேட்டுச்சு.

அன்னிக்கே வேலை போச்சு. வூட்ல வந்து அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கக்கத்துல வெக்கற கட்டையப் புடிச்சிகினு சுவரோரமா குந்தியிருந்தவ முழுசா கேட்டா. கேட்டுட்டு, "அப்பால எப்படிடி உன்ன எறக்குனாங்க?"ன்னா.

"எறக்கல அக்கா"ன்னேன். "நானே கயித்த அவுத்துகினு நடந்து எறங்கினேன்."