இலத்தூருக்குப் போகாத ரிப்போர்ட்

பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தென்காசியில் அதற்கு ஒரு வாடகை வீடுதான். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், நான். ஊர் ஊராகப் போய் முகாம் போடுவோம். வாயில் சந்தேகமான புண் இருந்தால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். முடிவு வந்ததும் அதைச் சொல்ல டாக்டர் என்னைத்தான் நோயாளியின் வீட்டுக்கு அனுப்புவார்.

பிறகு மையம் வளர்ந்தது. குத்துக்கல்வலசைப் பக்கம் சொந்தக் கட்டடம், லேப், சதைத் துண்டுகளை வைக்கப் பெரிய ஃப்ரீசர்கள். ஆராய்ச்சி தனிப் பிரிவு, சிகிச்சை தனிப் பிரிவு என்று ஆக்கினார்கள். என்னை ஆராய்ச்சிப் பிரிவில் போட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

இலத்தூர் முகாமுக்கு பீடி சுற்றுகிற ஒரு அக்கா வந்தார். கன்னத்துக்குள் வெள்ளையாகத் தடித்திருந்தது. சதை எடுக்கச் சம்மதக் கையெழுத்து வாங்கியது நான்தான்.

"எதுவா இருந்தாலும் சொல்லிருவியல்லா?" என்று கேட்டார்.

"வீடு தேடி வந்து சொல்லுதேன்க்கா."

ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்றே இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நான்தான். நோயாளிக்குச் சொல்வது இப்போது சிகிச்சைப் பிரிவின் வேலை என்று அடுத்த ஃபைலை எடுத்தேன். முகாமுக்குப் போனவர்களே சொல்லியிருப்பார்கள் என்று சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, குற்றாலத்தில் சீசன் தொடங்கிய சமயம், அந்த அக்காவே புருஷனோடு மையத்துக்கு வந்தார். கழுத்தில் கட்டி. வாயைப் பாதிதான் திறக்க முடிந்தது.

"நீங்க வரலல்லா. அதான் ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இனி என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டார். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். கரண்டு என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். கஞ்சிகூட இறங்காமல் போய், மார்கழியில் இறந்தார்.

துக்கத்துக்குப் போனேன். அவர் புருஷன் வாசலிலேயே மறித்தார். "அவ ஒங்கள நம்பித்தான் சும்மா இருந்தா. உள்ள வராதிய."

மையத்தில் கூட்டம் போட்டார்கள். தகவல் தொடர்பில் ஏற்பட்ட இடைவெளி என்று எழுதினார்கள். முடிவைச் சொல்வதற்கென்று இன்னொரு பிரிவு தொடங்கினார்கள். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாரத்தில் மூன்று வீட்டுக்காவது கெட்ட செய்தியோடு போகிறேன். இலத்தூரில் அந்தத் தெருவுக்கு மட்டும் வேறு ஆளை அனுப்புகிறேன்.